நெற்றியில் எழுதிய பெயர்



சில மாதங்களுக்கு முன்பு எங்கள் தொலைக்காட்சி மன்றத்தில் இளையர்களும் குண்டர் கும்பல்களும் என்ற தலைப்பை எடுத்துக்கொண்டோம். மேடையில் ஒரு வழக்கறிஞர், ஓர் ஆசிரியர், ஓய்வுபெற்ற சிறை அதிகாரி ஒருவர். நடுவில் ஒலிவாங்கியுடன் நான். கேள்வி நேரத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா எழுந்தார். கேள்வியைத் தாளில் எழுதி வைத்திருந்தார். ஆனால் தாளைப் பார்க்காமலேயே கேட்டார்.

"தம்பி, என் மகன் 19 வயசுல உள்ள போனான். ரெண்டு வருஷம். வெளிய வந்து எட்டு வருஷம் ஆச்சு. லாரி ஓட்டுறான், குடிக்கிறதில்ல. இன்னிக்கும் எங்க புளோக்குல அவன 'கேங்ல இருந்தவன்'னுதான் சொல்றாங்க. இந்தப் பேரு எப்ப போகும்?"

மேடையில் இருந்தவர்கள் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். பெற்றோர் கண்காணிப்பு, படிப்பு, நட்பு வட்டம். எல்லாமே அவர் மகன் ஏன் உள்ளே போனான் என்பதற்கான பதில்கள். அந்த அம்மா கேட்டது அதுவல்ல. நானும் நேரமாகிறது என்று சொல்லி விளம்பர இடைவேளைக்குப் போய்விட்டேன். அந்தக் குற்ற உணர்வில்தான் இந்த அரை மணி நேர உரையைக் கேட்டு வாங்கினேன். நான் சமூகவியல் பட்டதாரி அல்லன். பாலிடெக்னிக்கில் மக்கள் தொடர்பியல் டிப்ளோமா முடித்தவன். புத்தகத்தில் படித்ததை நம் ஊர் வரலாற்றோடு ஒட்டிப் பார்க்கத்தான் எனக்குத் தெரியும். அதையே செய்கிறேன்.

குற்றம் ஏன் நடக்கிறது என்பதற்கு நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு கோட்பாடு உண்டு. "சேர்க்கை சரியில்லை." எட்வின் சதர்லாந்து என்ற அமெரிக்க அறிஞர் 1939இலும் 1947இலும் தம் பாடநூலில் முறைப்படுத்தி எழுதியது ஏறக்குறைய இதைத்தான். குற்றம் பிறவிக்குணம் அல்ல, மொழியைக் கற்பதுபோல நெருங்கிப் பழகுபவர்களிடமிருந்து கற்கப்படுவது என்றார். பூட்டை உடைக்கும் வித்தையை மட்டுமல்ல, 'இதில் தப்பில்லை' என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லவும் அந்தச் சேர்க்கையே கற்றுக்கொடுக்கிறது. கோட்டு சூட்டுப் போட்ட நிறுவனங்களின் மோசடிகளுக்கும் இதே விளக்கம் பொருந்தும் என்று அவர் சொன்னதை நம் வீடுகளில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை!

ராபர்ட் மெர்ட்டன் 1938இல் வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தார். சமுதாயம் எல்லாருக்கும் ஒரே கனவைக் காட்டுகிறது, அங்கே போகும் ஏணியை மட்டும் சிலருக்குத்தான் கொடுக்கிறது என்றார். சிங்கப்பூரில் ஒரு காலத்தில் ஐந்து 'சி' என்று பேசிக்கொண்டோமே, கேஷ், கார், கிரெடிட் கார்டு, கொண்டோமினியம், கன்ட்ரி கிளப். மெர்ட்டன் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். கனவு ஐந்தும் எல்லார் வீட்டுத் தொலைக்காட்சியிலும் வருகிறது. ஏணி இல்லாதவர்களில் பெரும்பாலோர் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள்.

இந்த இரண்டும் ஒருவன் ஏன் தவறினான் என்று கேட்பவை. அந்த அம்மாவின் கேள்விக்கு அருகே வருபவர் ஹோவர்ட் பெக்கர். சிகாகோவில் ஜாஸ் பியானோ வாசித்துக்கொண்டே சமூகவியல் படித்தவர். அவருடைய 'அவுட்சைடர்ஸ்' என்ற நூல் 1963இல் வெளிவந்தது. அவர் கேள்வியையே திருப்பிப் போட்டார். செயல் ஒன்றுதான், அதற்குக் குற்றம் என்று பெயர் வைப்பது யார்? ஒருவன் மேல் ஒட்டிய பெயர் அவனை அடுத்து என்ன ஆக்குகிறது? இதை 'முத்திரைக் கோட்பாடு' என்கிறார்கள். எட்வின் லெமர்ட் 1951லேயே இதன் பாதியைச் சொல்லியிருந்தார். முதல் தவறு ஆயிரம் காரணத்தால் நடக்கலாம், ஆனால் ஊர் வைத்த பெயரை ஒருவன் தன் பெயராகவே ஏற்றுக்கொண்டு செய்யும் தவறுகள் வேறு வகை என்றார்.

பெயர் வைப்பது யார் என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் சீனர்களின் சங்கங்கள் வெளிப்படையாக இயங்கின. புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய கூலிக்குத் தங்க இடம், வேலை, செத்தால் அடக்கம் எல்லாம் அந்தச் சங்கங்கள் மூலம்தான். அடிதடியும் மிரட்டிப் பணம் பறிப்பதும் அவற்றோடு சேர்ந்தே இருந்தன. 1869இல் பிரிட்டிஷார் அவற்றைப் பதிவு செய்யச் சொன்னார்கள். 1877இல் சீனர் பாதுகாவலர் பதவியை ஏற்ற வில்லியம் பிக்கரிங், சங்கத் தலைவர்களை வைத்தே பல தகராறுகளைத் தீர்த்தார். பிறகு சங்கங்கள் சட்டம் வந்தது. 1890 முதல் அவை தடை செய்யப்பட்டன. நேற்று பதிவேட்டில் உறுப்பினராக இருந்தவர் இன்று 'ரகசியக் கும்பல்' ஆள். அபின் கதையும் அப்படித்தான். அரசாங்கமே ஏலம் விட்டு, பின்னர் தானே விற்று, கருவூலத்தை நிரப்பிய சரக்கு அது. அதே சரக்கை வைத்திருப்பவர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குற்றவாளி. தடை தவறு என்று நான் சொல்லவில்லை. கோடு நகர்ந்தது என்பதைச் சொல்கிறேன்.

இனி, பெக்கரின் நூல் வந்த அதே 1963இல் நம் தென்கடலில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

செனாங் என்றால் மலாயில் நிம்மதி, சுகம் என்று உங்களுக்குத் தெரியும். 'சும்மா செனாங்கா இருக்கேன்' என்று நம்மவர்களே சொல்வதுண்டு. சிங்கப்பூருக்குத் தெற்கே சுமார் 80 ஹெக்டர் பரப்பில் அந்தப் பெயரில் ஒரு தீவு இருக்கிறது. 1950களில் எண்களைப் பெயராக வைத்துக்கொண்ட கும்பல்கள் தெருக்களைப் பங்கு போட்டிருந்தன. சாட்சி சொல்ல யாரும் முன்வரமாட்டார்கள். அதனால் 1955ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம் (தற்காலிக விதிமுறைகள்) 1958இல் திருத்தப்பட்டு, வழக்கு விசாரணை இல்லாமலே தடுத்து வைக்கும் அதிகாரம் அதில் சேர்க்கப்பட்டது. சிறைகள் நிரம்பின. 1959இல் ஆட்சிக்கு வந்த மக்கள் செயல் கட்சி அரசு, தேவன் நாயர் தலைமையில் சிறைச்சாலை விசாரணை ஆணையம் அமைத்தது. தேவன் நாயரே பிரிட்டிஷ் காலத்தில் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர். பின்னாளில் நாட்டின் அதிபர் ஆனவர். பூட்டிய அறை மனிதனைத் திருத்தாது, உழைப்பு திருத்தும் என்ற எண்ணத்தில் செனாங் தீவுத் திட்டம் பிறந்தது.

1960 மே மாதம் 18ஆம் தேதி, சிறை அதிகாரி டேனியல் டட்டன் சுமார் 50 கைதிகளுடன் அந்தத் தீவில் இறங்கினார். அப்போது அங்கே காடுதான். சுவர் கிடையாது, காவலர் கையில் துப்பாக்கி கிடையாது. அயர்லாந்துக்காரரான டட்டன் கைதிகளோடு வெயிலில் நின்று வேலை செய்தார். காட்டை வெட்டினார்கள், சாலை போட்டார்கள். தங்குமிடம், பட்டறை, காய்கறித் தோட்டம் எல்லாம் அவர்கள் கையாலேயே எழுந்தன. தீவில் ஒழுங்காக உழைத்தவர்கள் படிப்படியாக விடுதலையாகி வேலைக்குப் போனார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்கூடப் பார்த்துவிட்டுப் பாராட்டினார்கள். மூன்று ஆண்டுகள் அப்படி ஓடின. இது தோல்வியில் முடிந்த கதை என்பதாலேயே அந்த மூன்று ஆண்டுகளை நாம் மறந்துவிடக்கூடாது.

1963 ஜூலையில் படகுத்துறை வேலை நடந்துகொண்டிருந்தது. கூடுதல் நேர வேலை தொடர்பாகத் தச்சர்களுக்கும் டட்டனுக்கும் தகராறு. வேலை செய்ய மறுத்த 13 தச்சர்களை அவர் சாங்கி சிறைக்குத் திருப்பி அனுப்பினார். சில நாள் கழித்து, ஜூலை 12ஆம் தேதி பிற்பகல், கலவரம் வெடித்தது. தீவில் அன்று முந்நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகள் இருந்தனர். அவர்களில் ஒரு பகுதியினர் பாராங் கத்தி, கோடரி, மண்வெட்டி ஏந்தி வந்தார்கள். எல்லாம் வேலைக்காக அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட கருவிகள். தாங்களே கட்டிய கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். டட்டன் வானொலி அறைக்குள் ஒதுங்கியிருந்தார். அங்கே வைத்துத் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குக் கீழ் பணியாற்றிய டான் கோக் ஹியானும் ஆறுமுகம் வீரசிங்கமும் கொல்லப்பட்டனர். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த ஆண்டு நவம்பரில் தொடங்கிய வழக்கில் 58 பேர் ஒரே நேரத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். நீதிபதி பட்ரோஸ், ஏழு ஜூரர்கள். 64 நாள் விசாரணைக்குப் பிறகு 1964 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. 18 பேருக்கு மரண தண்டனை. 29 பேருக்குக் கலவரக் குற்றத்துக்காகச் சிறை. 11 பேர் விடுதலை. மேல்முறையீடுகள் தள்ளுபடியாகி, சிங்கப்பூர் தனி நாடாகி மூன்று மாதம்கூட ஆகாத 1965 அக்டோபர் 29 அன்று, 18 பேரும் சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டனர். செனாங் திட்டம் அத்தோடு கைவிடப்பட்டது. அலெக்ஸ் ஜோசி 1980இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தோற்றுப்போன பரிசோதனை என்றுதான் அதற்குத் துணைத் தலைப்பு.

பரிசோதனை ஏன் தோற்றது? 'கெட்டவன் கெட்டவன்தான், நம்பியது டட்டன் செய்த பிழை' என்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் மேடைக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற அதிகாரியும் நிகழ்ச்சி முடிந்தபின் என்னிடம் சொன்னார். "விளக்கம் சொல்றது வேற, வக்காலத்து வாங்கறது வேற தம்பி. ரெண்டையும் கலந்துடாதீங்க." அவர் சொன்னது எனக்கு உறைத்தது. வீரசிங்கம் அன்று கையில் ஆயுதம் இல்லாமல் நின்ற மனிதர். எந்தக் கோட்பாட்டைக் கொண்டுவந்தாலும் அவர் சாவு நியாயமாகாது.

ஆனாலும் விளக்கத்தைத் தேடாமல் இருக்க முடியவில்லை. கிரெஷாம் சைக்ஸ் என்பவர் 1958இல் அமெரிக்கச் சிறை ஒன்றை ஆராய்ந்து எழுதினார். சிறை அதிகாரிக்கு முழு அதிகாரம் இருப்பதுபோல் தோன்றும், உண்மையில் கைதிகளின் ஒத்துழைப்பு இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது என்றார். செனாங்கில் சுவர்கூட இல்லாததால் எல்லாமே அந்த ஒத்துழைப்பின் மேல் நின்றது. அடுத்து, கும்பல்களும் கைதிகளோடு படகேறி வந்துவிட்டன. சதர்லாந்து சொன்ன சேர்க்கையை மாற்றத்தான் தீவுக்கே கொண்டு போனார்கள். ஆனால் பழைய சேர்க்கையையே ஒரே கூரையின் கீழ் படுக்க வைத்தார்கள்!

எனக்குப் பெரிதாகப் படுவது இவை இரண்டும் அல்ல. அந்தத் தீவில் இருந்தவர்கள் நீதிமன்றத்தில் நின்று தண்டனை பெற்று வந்தவர்கள் அல்லர். 'குண்டன்' என்று ஒரு கோப்பில் எழுதப்பட்டு வந்தவர்கள். கோப்பில் எழுதியது பலர் விஷயத்தில் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் இந்தத் தேதியில் உன் தண்டனை முடிகிறது என்று ஒரு நீதிபதி எழுதிக் கொடுத்த நாள் அவர்களுக்கு இல்லை. உழைத்தால் போகலாம் என்றார்கள். எவ்வளவு உழைத்தால் என்பதை மேலே இருப்பவர்கள்தான் முடிவு செய்தார்கள். 13 தச்சர்கள் சாங்கிக்குத் திரும்பியபோது மற்றவர்கள் என்ன பார்த்திருப்பார்கள்? மூன்றாண்டு வியர்வையில் ஏறிய படியிலிருந்து ஒரே வார்த்தையில் கீழே தள்ளலாம் என்பதைத்தானே? இது என் கணிப்பு. நீதிமன்றம் இப்படிச் சொல்லவில்லை.

இந்தக் கணிப்புக்கு நான் துணைக்கு அழைப்பது புத்தகத்தை அல்ல, நம்மவர்களை. செனாங்குக்கு நூறாண்டு முன்பே இதே ஊரில் உழைப்பால் திருத்தும் பரிசோதனை ஒன்று நடந்தது. அதில் கைதிகள் இந்தியர்கள். 1825 ஏப்ரலில் சென்னை மாகாணக் கைதிகள் 80 பேர் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டார்கள். தொடர்ந்து வங்காளத்திலிருந்தும் வந்தார்கள். 1873இல் இந்த ஏற்பாடு முடியும்வரை அவர்கள் கைபடாத சாலை இங்கே குறைவு. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் 1869இல் முடிந்த ஆளுநர் மாளிகையும், அதாவது இன்றைய இஸ்தானாவும், அவர்கள் உழைப்பில் எழுந்தவை. பிராஸ் பசாவில் தங்களை அடைக்கும் சிறையையும் அவர்களே கட்டினார்கள்.

அங்கேயும் காவலுக்கு வெளியாட்கள் குறைவு. கைதிகளிலிருந்தே வார்டர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக இருந்த மக்நேர் 1899இல் வெளியிட்ட நூலின் தலைப்பே தங்களுக்குத் தாங்களே காவலர்களான கைதிகள் என்பதுதான். ஆறு வகுப்புகள் வைத்தார்கள். கனமான விலங்கோடு இருக்கும் வகுப்பிலிருந்து ஒருவன் மேலே ஏறலாம். விலங்கு இலேசாகும், பிறகு கழலும், பிறகு தொழில் கற்கலாம், வார்டராகலாம். மேல் வகுப்பில் அனுமதிச் சீட்டோடு வெளியே தங்கிப் பிழைத்துக்கொள்ளலாம். தவறினால் இறங்க வேண்டும். ஆனால் எந்தப் படிக்கு அடுத்து எந்தப் படி என்பது கடைசிக் கைதிக்கும் தெரியும்.

இதைப் பொற்காலம் என்று காட்ட எனக்கு விருப்பமில்லை. கடல் கடந்து, உறவை இழந்து, கூலியில்லாமல் ஒரு பேரரசுக்காகக் கல் உடைத்தவர்கள் அவர்கள். பெக்கர் சொன்ன முத்திரை அவர்களுக்கு வெறும் உவமையும் அல்ல. ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்தும் வழக்கம் இந்தியாவில் 1849இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன் வந்தவர்கள் அந்த எழுத்தோடுதான் இங்கே கரை இறங்கினார்கள். தலைப்பாகையை இறக்கிக் கட்டி மறைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் விடுதலைக்குப் பின் பலர் இங்கேயே மாடு வளர்த்தார்கள், வண்டி ஓட்டினார்கள், சிறு வியாபாரம் செய்தார்கள், குடும்பம் வைத்தார்கள். இன்று சிங்கப்பூர்த் தமிழர்களில் யார் அவர்களின் வழிவந்தவர் என்று கேட்டால் யாராலும் விரல் நீட்ட முடியாது. மூன்று தலைமுறையில் அந்த எழுத்து அழிந்துவிட்டது.

அக்கரையில் இப்போது எதிர்மாறாக நடக்கிறதோ என்று எனக்கு ஓர் அச்சம். 2013 ஆகஸ்ட்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் குழுக்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்றும் சொல்லப்பட்டது. மெர்ட்டனை வைத்துப் பார்த்தால் காரணம் விளங்காமல் இல்லை. ரப்பர்த் தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளானபோது, தோட்டத்தை மட்டுமே அறிந்த குடும்பங்கள் நகரத்து ஓரங்களில் வந்து விழுந்தன. ஏணி இல்லை. ரிச்சர்ட் குளோவர்ட், லாயிட் ஓலின் என்ற இருவர், செனாங் தீவு தொடங்கிய அதே 1960இல், நேர்வழி அடைபட்டவனுக்குக் குறுக்கு வழியும் தானாகத் திறப்பதில்லை, அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே இயங்கும் கும்பல்தான் அதைத் திறந்துவிடுகிறது என்று எழுதினார்கள். பழைய எண்கள் காத்திருந்தன, நம் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள். பட்டியல் வந்தபின் சேராத பிள்ளைக்கும் சேர்த்துத்தான் பெயர் கிடைத்தது. கறுப்புத் தோல், கூட்டமாக நான்கு பேர், மோட்டார் சைக்கிள், அதுவே போதும் என்றாகிவிட்டது.

சிங்கப்பூரில் 2004இல் மஞ்சள் நாடாத் திட்டம் தொடங்கியபோது 'இரண்டாவது சிறை' என்றொரு சொல் புழக்கத்துக்கு வந்தது. முதல் சிறையின் சாவி அதிகாரியிடம். இரண்டாவதன் சாவி அண்டை வீட்டாரிடமும் முதலாளியிடமும். ஆண்டுக்கு ஒருமுறை நாடா குத்திக்கொள்வதால் என்ன ஆகிவிடும் என்று கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். விசாரணையின்றித் தடுத்து வைக்கும் சட்டம் இன்னும் இருக்கிறது. 2024இலும் மேலும் ஐந்தாண்டுகளுக்கு அதை நீட்டித்திருக்கிறார்கள். சாட்சி சொல்ல அஞ்சும் நிலை இருக்கும்வரை தேவை என்பவர்களின் வாதம் எனக்குப் புரிகிறது. அதில் போய் வந்தவர்களுக்கு நாள் குறித்த ஒரு முடிவு வேண்டும் என்பது மட்டுமே என் வாதம்.

செனாங் தீவு இப்போது ராணுவத்தின் குண்டு வீச்சுப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்ட இடம். பொதுமக்கள் இறங்க முடியாது.

அந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். அன்று படப்பிடிப்பு முடிந்து விளக்குகளை அணைத்தபின் கார் நிறுத்துமிடம்வரை என்னோடு நடந்து வந்தார். மகன் இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவானாம். மணிக்கட்டுக்கு மேலே பச்சை குத்தியிருக்கிறது, லேசரில் எடுக்கக் காசு சேர்க்கிறான் என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நான் பேசுனத ஒளிபரப்புறப்ப என் முகத்தக் காட்டாதீங்க தம்பி. அவனுக்குப் பொண்ணு பாக்குறோம்."

கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு முகத்தை வெட்டிவிட்டோம். அவர் ஊரையும் பெயரையும் இங்கேயும் எழுதவில்லை.